அடி இறக்கம்: கிளினிக்கில் வாய் திறப்பதிலிருந்து கிணற்றடிக்குத் திரும்புவது வரை

அடி இறக்கம் என்றால் கர்ப்பப்பையோ அதன் பக்கத்து உறுப்போ யோனி வழியாகக் கீழே இறங்கி வருவது. அடி இறங்கியிருக்கிறது என்று தெரிந்த பெண்களில் பலர் காரியங்களைத் தலைகீழான ஒழுங்கில் செய்கிறார்கள். முதலில் ஒப்பரேசன் திகதி. பிறகு இருமலுக்கு மருந்து. வாட்டில் இருந்து வீட்டுக்கு வந்த அன்றுதான் தண்ணீர் யார் அள்ளுவது என்ற யோசனை வருகிறது. நானும் இதற்கு ஒப்பரேசன் செய்து தையலோடு வீடு திரும்பியவள்தான். அதன்பிறகு ஊரில் யாருக்கு இந்தக் கரைச்சல் வந்தாலும் துணைக்குப் போகிற ஆளாகிவிட்டேன். எந்த இடத்தில் எல்லாரும் இடறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதியது இது. டொக்டர் உங்களுக்கென்று வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதைத்தான் கேட்கவேண்டும்.

1. இறங்கியிருப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றையும் "கர்ப்பப்பை இறக்கம்" என்றுதான் சொல்கிறோம். உண்மையில் இறங்கக்கூடியவை மூன்று. யோனியின் முன்சுவரோடு சலப்பை (சிறுநீர்ப்பை) இறங்கலாம். நடுவில் கர்ப்பப்பை இறங்கலாம். பின்சுவரோடு மலக்குடல் பிதுங்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து இறங்குவதும் உண்டு. கர்ப்பப்பையை முன்னரே எடுத்தவர்களுக்கு யோனியின் மேல்முனை இறங்கி வரலாம்.

இதைத் தெரிந்துகொள்வதற்குக் காரணம், பயிற்சி, றிங் (உள்ளே வைத்துத் தாங்கும் வளையம்), ஒப்பரேசன் மூன்றும் எந்தப் பக்கம் இறங்கியது என்பதைப் பொறுத்தே மாறும். இது புற்றுநோய் அல்ல. இறங்கியிருந்தும் ஒரு தொந்தரவும் இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் கவனித்து வருவதும் சரியான வைத்தியம்தான். அந்தத் தெரிவை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

2. கிளினிக்குக்கு முன்: ஒரு தாளில் எழுதுங்கள்

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் தொடங்குவது இலகு. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக் கேளுங்கள். அங்கிருந்து தெல்லிப்பளை, பருத்தித்துறை போன்ற ஆதார வைத்தியசாலைக்கோ, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ துண்டு தருவார்கள்.

தாளில் எழுதவேண்டியவை: எத்தனை பிரசவம், எந்தக் குழந்தை பெரிய எடை, ஆயுதம் போட்டு எடுத்ததா, மாதவிடாய் எப்போது நின்றது, என்னென்ன குளிசை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. இதோடு, வெட்கத்தில் யாரும் சொல்லாத இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். சலம் முழுதாகப் போக, வந்து நிற்பதை விரலால் உள்ளே தள்ளவேண்டி இருக்கிறதா? வெளிக்குப் போக யோனியின் பின்சுவரை அழுத்தவேண்டி இருக்கிறதா? எந்தச் சுவர் தளர்ந்திருக்கிறது என்பதை டொக்டருக்கு இந்தப் பதில் காட்டிக்கொடுக்கும். கையைக் கழுவிவிட்டு அப்படித் தள்ளுவதில் தவறொன்றும் இல்லை. சலத்தை அடக்கி வைத்திருப்பதுதான் கூடாது.

3. பரிசோதனைக் கட்டிலில்

கிளினிக் காலையில். அடி இறங்குவது பின்னேரத்தில். இரவு முழுக்கப் படுத்து எழும்பியவருக்குக் காலையில் எல்லாம் மேலே போயிருக்கும். கட்டிலில் வெட்கத்தில் காலை இறுக்கிக்கொண்டு, இருமச் சொன்னால் மெதுவாகச் செருமினால், பார்க்கிறவர் "கொஞ்சம்தான்" என்று எழுதிவிடுவார். இப்படித் திரும்பி வந்த மாமி ஒருவர் அன்று பின்னேரமே கோழிக்குத் தீன் போடக் குனிந்தபோது, "இதைப் பார், இதைத்தான் அவர் காணேல்லை" என்றார்.

ஆகவே மூன்று விஷயம். போகும் முன் சலம் கழியுங்கள். முக்கச் சொன்னால் உண்மையாக முக்குங்கள். கொஞ்சம் சலம் சிந்தினாலும் பரவாயில்லை, அதுவும் அவர் பார்க்கவேண்டியதே. பின்னேரம் எவ்வளவு வெளியே வரும் என்று வாயால் சொல்லி, தேவையென்றால் நின்ற நிலையில் பார்க்கும்படி கேளுங்கள். பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை.

மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால் அதை இறக்கத்தின் கணக்கில் போடாதீர்கள். தனியாகச் சொல்லுங்கள். அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.

4. அமுக்கத்தைக் குறையுங்கள்: மலச்சிக்கல், இருமல், பாரம்

றிங் என்றாலும் ஒப்பரேசன் என்றாலும் இந்தப் படி முதலில் வரவேண்டும். மேலிருந்து தள்ளுகிற அமுக்கம் குறையாமல் கீழே தைத்தால் அதே அமுக்கம் தையலையும் தள்ளும்.

மலச்சிக்கல்: முக்காமல் போகிற அளவுக்கு மலம் இளகவேண்டும். குத்தரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, முருங்கையிலை, வல்லாரை, பப்பாப்பழம், போதிய தண்ணீர். இவை போதாவிட்டால் லக்ருலோஸ் பாணியைக் கேட்டு வாங்குங்கள். இரும்புச்சத்துக் குளிசை சிலருக்கு மலத்தை இறுக்கும், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். கொமட்டில் இருப்பவர்கள் காலுக்குக் கீழே ஒரு சிறு பலகை வைத்து முன்னுக்குச் சாய்ந்து இருந்தால் குடல் நேராகி முக்கல் குறையும்.

இருமல்: ஈழைக்காரர் ஒழுங்காக இன்ஹேலர் எடுக்கவேண்டும். விறகடுப்புப் புகையில் நிற்பதைக் குறைக்கவேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: பிரஷருக்குத் தருகிற எனலாப்ரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும். அந்தக் குளிசை தொடங்கிய பிறகே இருமல் வந்ததென்றால் மாற்றித் தரும்படி கேளுங்கள். நீங்களாக நிறுத்தவேண்டாம்.

பாரம்: ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. கிணற்றடியில் இருக்கும் சாதாரண வாளி நிரம்பினால் பத்துக் கிலோவுக்கு மேல். அதைத் துலாவில்லாமல் கையால் இழுத்து, இடுப்பில் ஏற்றி, தொட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுவதுதான் எங்கள் வீடுகளில் நாள் முழுக்க நடக்கிற பாரம். வெங்காயத் தோட்டத்தில் மணிக்கணக்காகக் குந்தி இருந்து புல்லுப் பிடுங்குகிறவர்கள் சிறு கட்டையில் இருந்துகொண்டு செய்யட்டும், அடிக்கடி எழும்பட்டும்.

5. இடுப்படித் தசைப் பயிற்சி

இறக்கம் குறைவாக இருப்பவர்களுக்கு இதுவே முதல் வைத்தியம். குறைந்தது 16 கிழமை செய்து பார்த்த பிறகே பலன் இல்லை என்று சொல்லலாம். இரண்டு கிழமையில் கைவிடுகிறவர்கள்தான் அதிகம்.

சலத்தையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்ளே, மேலே இழுங்கள். சில விநாடி பிடித்து முழுதாக விடுங்கள். விடுவதும் பயிற்சியின் பாதி. மெல்ல மெல்லப் பத்து விநாடி வரை கூட்டலாம். ஒரு முறைக்கு எட்டுத் தடவையாவது, நாளுக்கு மூன்று முறை. முதலில் படுத்தபடி, பிறகு இருந்து, பிறகு நின்று.

பெரிய பிழை, இழுப்பதற்குப் பதிலாக வெளியே தள்ளுவது. மூச்சை அடக்கி, தொடையையும் குண்டியையும் இறுக்கினால் அதுதான் நடக்கும். ஒரு கண்ணாடியில் பாருங்கள். யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடம் உள்ளே போகவேண்டும், வெளியே புடைத்தால் பிழை. இயன்மருத்துவர் ஒருமுறை சரிபார்த்தால் மாதக்கணக்கில் வீணாகாது. சலம் போகிறபோது நிறுத்தி நிறுத்திப் பழகவேண்டாம், சலப்பை முழுதாக வெறுமையாகாமல் போகும்.

தும்மல், இருமல், எழும்புதல் இவற்றுக்குச் சற்று முன்னர் அந்தத் தசையை இறுக்குவதைப் பழக்கமாக்குங்கள். தேவைப்படும் நேரத்தில் தாங்குகிற தசைதான் பயன்.

6. றிங்

யோனிக்குள் வைத்து உறுப்புகளைத் தாங்குகிற வளையம் இது. ஒப்பரேசனைத் தள்ளிப்போட வேண்டியவர்கள், மயக்கமருந்து தாங்காதவர்கள், இன்னும் பிள்ளை பெற விரும்புகிறவர்கள், கத்தியே வேண்டாம் என்பவர்கள் எல்லாருக்கும் பொருந்தும். வயதானவர்களுக்கு மட்டும் என்பது தவறான எண்ணம்.

போட்ட உடனே ஓட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடாதீர்கள். வராந்தாவில் நடந்து, இருமி, குந்தி எழும்பி, சலம் கழித்துப் பாருங்கள். விழுந்தால் சிறிது, நொந்தால் அல்லது சலம் போகாவிட்டால் பெரிது. அங்கேயே அளவை மாற்றிவிடலாம்.

பொதுவாக நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, புண் இருக்கிறதா பார்த்து, கழுவியோ மாற்றியோ போடுவார்கள். திகதியைக் கலண்டரில் குறியுங்கள். வளையத்தை மறந்து வருடக்கணக்கில் விட்டால் அது சதைக்குள் புதைந்து, சலப்பைக்கும் யோனிக்கும் இடையே ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். தனியாக இருக்கிற அம்மம்மாவுக்குப் போட்டால் வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். மணக்கிற வெள்ளை, இரத்தம் இரண்டும் திகதிக்கு முன்னரே போவதற்குக் காரணம். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரஜன் கிறீம் தந்தால் பூசுங்கள், காய்ந்த தோலில்தான் வளையம் உரசிப் புண்ணாகும்.

7. ஒப்பரேசனுக்குச் சம்மதிக்கும் முன்

கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்கவேண்டியவை: எந்தச் சுவரைத் தைக்கிறீர்கள்? கர்ப்பப்பையை எடுக்கிறீர்களா, வைத்துத் தூக்குகிறீர்களா? சூலகம்? மேல்முனையை எதில் கட்டித் தாங்கவைக்கிறீர்கள்? தாங்குவதற்குச் செயற்கை வலை (mesh) ஏதும் வைக்கிறீர்களா?

கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. இறக்கத்துக்காக யோனி வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் நிறுத்தச் சொன்னது. வயிற்று வழியாக வைக்கும் வலை வேறு, அதன் நன்மை தீமையும் வேறு. எதைச் சொல்கிறார் என்று தெளிவாகக் கேட்டு அறியுங்கள்.

இரண்டு உண்மைகளை முன்னரே மனதில் வையுங்கள். தைத்த பிறகும் நூற்றில் 25 முதல் 30 பேருக்கு மறுபடி ஏதாவது ஒரு பக்கம் இறங்கக்கூடும். மற்றது, இறங்கிய சலப்பை சலக்குழாயை மடித்து வைத்திருந்திருக்கலாம். அது நேராகியதும் இருமும்போது சலம் சிந்துவது புதிதாகத் தெரியவரும். இதை முன்கூட்டி அறியாதவர்கள், ஒப்பரேசன் பிழைத்துவிட்டது என்று அழுவதைக் கண்டிருக்கிறேன்.

பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் பொதுவாக ஒப்பரேசனைப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு பிரசவம் தையலைத் தளர்த்தலாம். தாம்பத்தியம் இனி இல்லை என்று முடிவெடுத்த முதியவர்களுக்கு யோனியை மூடித் தைக்கிற சின்ன ஒப்பரேசனும் உண்டு.

8. வாட்டுக்குப் போகும் முன் வீட்டை மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். ஒப்பரேசன் முடிந்து வந்தபின் "இதை அங்கே தூக்கி வை" என்று சொல்ல வாய் வராது. நாங்களே எழும்பித் தூக்கிவிடுவோம்.

தண்ணீர்: மோட்டர் இருந்தால் குழாயைக் குளிக்கிற இடத்துக்கும் அடுப்படிக்கும் இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலையும் பின்னேரமும் தொட்டி நிரப்ப ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். "யாராவது அள்ளுவினம்" என்றால் யாரும் அள்ளமாட்டார்கள். வாளியை ஒளித்துவிட்டு இரண்டு லீற்றர்ச் செம்பை மட்டும் வெளியே வையுங்கள்.

அடுப்படி: அன்றாடம் புழங்குகிற சட்டி, தூள் போத்தல், அரிசி எல்லாம் இடுப்பு உயரத்துக்கு வரவேண்டும். அரிசியைச் சாக்கிலிருந்து சிறு டப்பாக்களில் பிரித்துவையுங்கள். தேங்காய்த் துருவலையில் குந்தி இருந்து காலை அகட்டி அழுத்தித் துருவுவது தையலுக்கு ஆகாது. மேசையில் பூட்டிச் சுற்றுகிற துருவலை வாங்கலாம், அல்லது துருவித் தரச்சொல்லுங்கள். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் இரும்போடு சேர்ந்து கிட்டத்தட்ட இரட்டிப்புப் பாரம். போகும் முன் புதிதாக மாற்றிவிட்டுப் போனால் இடையில் முடியாது.

கக்கூசு: குந்துகிற கக்கூசு மட்டும் இருந்தால் மேலே வைக்கிற கொமட் கதிரை ஒன்றைச் சில கிழமைக்கு ஒழுங்கு செய்யுங்கள். சுவரில் பிடி இருந்தால் இன்னும் நல்லது.

படுக்கை: பாயில் படுத்து எழும்புகிறவர்கள் கட்டிலுக்கு மாறவேண்டும். நிலத்திலிருந்து எழும்பும்போது வயிறு முழுக்க இறுகும்.

உடம்பு: சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறாது, கிருமியும் பிடிக்கும். அஸ்பிரின், குளோப்பிடோகிரல் போன்ற இரத்தம் ஐதாக்கும் குளிசைகளை எப்போது நிறுத்துவது என்று மயக்கமருந்து கிளினிக்கில் கேளுங்கள். நீண்ட நாளாக வெளியே வந்து நிற்பதால் புண் இருந்தால் அதை ஆற்றிவிட்டுத்தான் தைப்பார்கள். அதற்காகத் திகதி தள்ளிப்போனால் கோபிக்காதீர்கள்.

திகதி கேட்கும்போது நல்லூர்த் திருவிழா எப்போது என்பதையும் பாருங்கள். 25 நாளும் கோயிலுக்குப் போகிற வீடென்றால் அந்தக் காலத்தில் உங்களுக்கு உதவி கிடையாது. வெள்ளன எழும்பி அடியழிக்கிற (அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு வீதி சுற்றுகிற) நேர்த்தி வைத்திருப்பவர்கள் அதை அடுத்த வருடத்துக்கு மாற்றுங்கள். கந்தன் காத்திருப்பான்.

9. வாட்டில்

பெரும்பாலும் முதுகில் விறைப்பூசி. கண் விழித்தபடி இருப்பீர்கள், நோ இராது. முடிந்ததும் யோனிக்குள் நீளமான துணிப்பட்டி ஒன்றும் சலத்துக்குக் கதீற்றரும் இருக்கும். இரண்டும் வழக்கமாக அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ எடுபடும்.

கதீற்றர் எடுத்த பிறகு சலம் போகிறதா, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் போகாத சலத்தைப் "போகுது" என்று சொல்லாதீர்கள். நிரம்பித் ததும்பும் சலப்பை தையலை இழுக்கும். போகாவிட்டால் சில நாள் மறுபடி கதீற்றர் போடுவார்கள், அது வழமையானதுதான்.

சொன்னவுடன் எழும்பி நடங்கள். காலில் இரத்தம் கட்டாமல் இருக்க அதுதான் வழி.

10. முதல் இரண்டு கிழமை

வீட்டுக்கு வரும் வழியில் ஒழுங்கை குலுக்கும். ஓட்டோ என்றால் தலையணை வைத்து, மெதுவாக விடச்சொல்லுங்கள்.

கட்டிலில் இருந்து எழும்பும் முறை: முழங்காலை மடித்து, முழு உடம்பாகப் பக்கவாட்டில் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையால் ஊன்றி எழும்புங்கள். நேரே தலையைத் தூக்கி எழும்பினால் கீழே இழுப்பதை உடனே உணர்வீர்கள்.

பத்தியம் என்ற பெயரில் பழமும் இலைக்கறியும் நிறுத்தி, தண்ணீரைக் குறைத்து, மிளகும் உள்ளியும் மட்டும் தருவார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் மூன்றாம் நாள் மலம் கல்லாகும். நோக்குளிசைகளில் கொடீன், ட்ரமடோல் இரண்டும் மலத்தை இறுக்குபவை. பத்தியக்கறியைச் சாப்பிடுங்கள், அதோடு பழத்தையும் தண்ணீரையும் லக்ருலோஸையும் விடாதீர்கள். பிள்ளை பெற்றவருக்குப்போல் வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கட்டு அமுக்கத்தைக் கீழேதான் அனுப்பும்.

நான்கு முதல் ஆறு கிழமை வரை கபில நிறமாகவோ வெள்ளையாகவோ படும். தையல்நூல் கரைந்து துண்டு துண்டாக விழும். பாட் மட்டும் பாவியுங்கள், உள்ளே எதுவும் வைக்கவோ கழுவவோ வேண்டாம். வெளியே தண்ணீரால் கழுவித் துடைத்தால் போதும். கடல், குளம், கீரிமலைக் கேணி எல்லாம் ஆறு கிழமைக்குப் பிறகு. ஆடி அமாவாசை இடையில் வந்தால் கரையில் நின்று தலையில் தெளித்துக்கொள்ளுங்கள்.

11. ஆபத்து இரண்டாம் மாதத்தில்

முதல் மாதம் உடம்பே உங்களை அடக்கி வைக்கும். இரண்டாம் மாதம் நோ இல்லை, முகம் தெளிவு. படலையடியில் நின்று "இப்ப சுகம்தானே அக்கா, ஒரு வாளிதானே" என்று கேட்கிற குரல் வரும். உள்ளே நூல் கரைந்துகொண்டிருக்கிறது, அதன் இடத்தில் வளரவேண்டிய தழும்பு இன்னும் இறுகவில்லை. வலிக்காதபடியால் எதுவும் உங்களை எச்சரிக்காது.

பொதுவான கணக்கு இது. ஆறு கிழமைவரை ஒரு கேத்தில் தண்ணீருக்கு மேல் தூக்கவேண்டாம். மூன்று மாதம்வரை பாரமான எதையும் தொடவேண்டாம். வாளி, நெல்லுமூட்டை, உரல் உலக்கை, நனைந்த படங்குத் துணி எல்லாம் பாரம்தான். பேரப்பிள்ளையைக் குனிந்து தூக்காமல் கதிரையில் இருந்து, பிள்ளையை ஏறவிடுங்கள்.

சைக்கிளும் ஸ்கூட்டியும் ஆறு கிழமைக்குப் பிறகு, கிளினிக்கில் பார்த்துவிட்டு. ஸ்கூட்டி ஓடுவதைவிட அதைப் பெரிய ஸ்ராண்டில் இழுத்து ஏற்றுவதுதான் மோசம். பக்க ஸ்ராண்ட் போடுங்கள்.

நடை நல்லது. முற்றத்தில் தொடங்கி ஒழுங்கை முடிவுவரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பின்னேரம் கீழே பாரமாக இருந்தால் அன்று கூடிப்போயிற்று என்று அர்த்தம். இடுப்படித் தசைப் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று டொக்டரிடம் கேட்டு, மெல்லத் தொடங்குங்கள்.

12. கிளினிக் திகதி பார்க்காமல் உடனே போகவேண்டியவை

மணித்தியாலத்துக்குள் பாட் நனையும் இரத்தம். காய்ச்சல், குளிர் நடுக்கம். கெட்ட மணத்தோடு படுதல். சலம் போகாமை, அல்லது எரிவு. கூடிக்கொண்டே போகும் வயிற்று நோ. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோதல், திடீர் மூச்சுமுட்டல், நெஞ்சு நோ. கடைசி மூன்றும் இரத்தக்கட்டியாக இருக்கலாம். இரவென்றாலும் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

மேல்முனையை இடுப்புத் தசைநாரில் கட்டியவர்களுக்கு ஒரு பக்கக் குண்டியில் சில கிழமை நோ இருக்கலாம். அது குறைந்துகொண்டு போகவேண்டும்.

13. ஆறு கிழமைக்குப் பிறகு

தாம்பத்தியத்துக்கு அந்தப் பரிசோதனை முடியும்வரை பொறுங்கள். டொக்டர் தானாகப் பேச்சை எடுக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். முடிந்தால் கணவரையும் கூட்டிப்போங்கள், அவருக்கும் பயம் இருக்கும். காய்ந்து நொந்தால் ஈஸ்ட்ரஜன் கிறீமோ வழுக்கும் ஜெல்லோ உதவும். தொடர்ந்து நொந்தால் பொறுத்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

மறுபடி ஏதோ வருவதுபோல் இருந்தால் முதலில் எது இறங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் அது தைக்காத மற்றப் பக்கமாக இருக்கும். இரண்டாம் ஒப்பரேசனுக்கு முன் றிங் பொருந்துமா என்றும் கேளுங்கள். அப்போது பார்க்கிறவர் வேறு டொக்டராக இருக்கலாம், முன்னர் எங்கே எப்படித் தைத்தார்கள் என்று அவருக்குத் தெரியவேண்டும். வாட்டில் தந்த டயக்னோசிஸ் காட்டை (என்ன செய்தார்கள் என்று எழுதித் தரும் அட்டையை) காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள், மகளின் போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.